கிழிந்த வாய் மீன்கள்

அந்தப் பல் மருத்துவமனையின் முன்பக்கம் பளிங்குத் தரை, மெத்தை வைத்த நாற்காலிகள், சுவரில் சிரிக்கிற குடும்பத்தின் படம். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. செட்டுக்காரர் வேலை பார்த்தது அந்த அறையில். பொய்ப்பல் கட்டுவது அவர் தொழில். பல் செட் செய்கிறவர் என்பதால் யாரோ ஒருநாள் செட்டுக்காரர் என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. மனைவியின் தம்பி மட்டும் அத்தான் என்பான்.

முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயில் பசையை வைத்து அழுத்தி அச்செடுப்பார். அது ஈரம் காயும் முன்னே பின்னறைக்கு வந்துவிடும். எச்சில் நூல் நூலாகத் தொங்கும். காலையில் தின்றதன் மிச்சம் பசையோடு ஒட்டியிருக்கும். சிலவற்றில் ரத்தமும் இருக்கும். செட்டுக்காரர் அதைக் கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கியெடுத்து, பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அந்த வாயை அப்படியே வெள்ளையாக வார்த்தெடுப்பார். அதன்மேல் மெழுகு, மெழுகின்மேல் பல். வாலிபத்தில் தொடங்கிய வேலை, தலை நரைத்தபிறகும் அதே வேலை. கை பழகிவிட்டது. வயிறு மட்டும் கடைசிவரை பழகவில்லை.

போகப்போக அந்த அருவருப்பு அறையைத் தாண்டி அவர் பின்னாலேயே வரத் தொடங்கியது. பஸ்ஸில் யாராவது மனம்விட்டுச் சிரித்தால் இவர் கண்ணுக்கு ஈறோரம் பல்லில் படிந்த காரை தெரியும். ஓட்டலுக்குப் போனால் சுவரைப் பார்த்த நாற்காலியாகத் தேடிப் பிடிப்பார். எதிரில் ஒருவர் மெல்லுவதைப் பார்த்தாலே இவருக்குச் சோறு இறங்காது. அவர் மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் பொறுப்பு. "நான் ஆக்கிப்போட்டு அத்தனை பேரும் சாப்பிடறாங்க. எனக்கு வாய்ச்சவருக்கு யாரு வாயைத் திறந்தாலும் ஆகாது" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள். புருஷனுக்காக வந்த பழக்கம் அது.

ஒருநாள் அவருடைய கடைவாய்ப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்துவிட்டது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறீங்க. இப்படியே போனா உங்களுக்கு நீங்களே செட் கட்டிக்க வேண்டியதுதான்" என்றார். ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அதற்கு மாத்திரை வாங்க வேறு வைத்தியரிடம் அனுப்பிய டாக்டர், மறுவாரம் நீளமான ஒரு துணிப்பையையும் கொண்டுவந்து கொடுத்தார். அவரே ஆசைப்பட்டு வாங்கிய தூண்டில். முதல் நாளே முள் காதுமடலில் மாட்டி, தன் ஆஸ்பத்திரிக்கே தலையைச் சாய்த்துக்கொண்டு வந்து எடுத்துக்கொண்டவர். அன்றோடு அதைத் தொடவில்லை. "நீங்க வெச்சுக்கங்க. மனசுக்கு நல்லதாம்" என்றார், காதைத் தடவிக்கொண்டே.

அது சாதாரணத் தூண்டில் இல்லை. புழுவைக் குத்தி, ஈயக் குண்டைக் கட்டி, தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற வகை வேறு. இதில் இரை என்பதே ஏமாற்று. முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றி ஒரு பூச்சியைச் செய்ய வேண்டும். ஊதினால் பறந்துவிடும், அவ்வளவு லேசு. அதை எறிய முடியாது. அதனால் நூலையே கனமாகச் செய்திருப்பார்கள். கோலைப் பின்னால் வீசினால் நூல் வளையமாகச் சுருண்டு தலைக்குமேல் போய்ப் பின்னால் நீளும். அது முழுக்க நீண்டு முடியும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் கொண்டுவர வேண்டும். பொறுக்காமல் இழுத்தால் சாட்டை மாதிரிப் படீரென்று வெடித்துப் பூச்சி அறுந்துவிடும். ரொம்பப் பொறுத்தாலோ, நூல் துவண்டு தோளில் விழும்.

செட்டுக்காரர் இதையெல்லாம் குடியிருப்புக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துகிற காலி இடத்தில் பழகினார். மாடியிலிருந்து பார்த்தவர்கள் அவர் எதை விரட்டுகிறார் என்று கேட்டார்கள். மணிக்கட்டை வளைக்கவே கூடாது, முழங்கைதான் வேலை செய்ய வேண்டும் என்பது பிடிபடவே வெகுநாள் ஆனது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் அந்தப் பொறுத்தல். நூல் பின்னால் போயிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கோலின் நுனியில் ஒரு சின்ன இழுப்பு வரும். அந்த இழுப்பைக் கையால் கேட்க வேண்டும். வேறு ஏதாவது நினைப்பு ஓடினால் அது கேட்காது.

பூச்சி கட்டுவது மட்டும் அவருக்குச் சுலபமாக வந்தது. வேலை மேஜையில் இருந்த சின்னப் பிடிப்பானில் முள்ளை இறுக்கிவிட்டு, மனைவி கேன்டீனிலிருந்து கொண்டுவந்த கோழி இறகின் ஓரத்தை உருவி, பட்டு நூலால் சுற்றுவார். பல்லுக்கு மெழுகு செதுக்குகிற ஊசியே இதற்கும் ஆனது.

நகரத்திலிருந்து பஸ்ஸில் போனால் மலையடிவாரத்தில் ஓர் ஆறு. தண்ணீர் கூழாங்கல் தெரிய ஓடும். குளிர்ந்த தண்ணீரில் வாழும் ட்ரவுட் மீன் உண்டு, அதிகம் இல்லை. விடுமுறை நாள்களில் செட்டுக்காரர் இடுப்புவரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அதில் இறங்கி நிற்பார். பல நாள் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே விட்டுவிடுவார். குளிர்ந்த தண்ணீர் காலைச் சுற்றி ஓடும். மேலே நூல் போய் வரும். மனித வாய் ஒன்றுகூட அங்கே கிடையாது. சாயங்காலம் பஸ் ஏறும்போது தாடை தளர்ந்திருப்பதை உணர்வார். சில மாதங்களில் மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். "ராத்திரி இப்பல்லாம் சத்தமே இல்லீங்க. முன்னாடி பக்கத்துல யாரோ கல்லு உடைக்கிற மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி.

இந்த மாற்றத்தை முதலில் மோப்பம் பிடித்தவன் மைத்துனன். செட்டுக்காரர் மனைவிக்கு ஒரே தம்பி. தாய் போனபின் அவள்தான் வளர்த்தாள். வாய் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. முதுகுவலி போக்கும் மெத்தை விற்றான். அப்புறம் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, அப்புறம் காந்த வளையல். ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் ஓடும். ஓடுகிறவரை அக்கா வீட்டுக்கு வரமாட்டான்.

அந்த முறை வந்தவன் தூண்டில் கோலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தான். "அத்தான், இதால உங்களுக்குப் பிரஷர் குறைஞ்சுதுங்கறது நிஜமா?"

"ஆமா."

"தூக்கம்?"

"வருது."

"இதை இப்படி வீட்டுல மூடி வெச்சிருக்கீங்களே" என்றான், ஏதோ பாவம் நடந்துவிட்ட மாதிரி.

சில மாதம் கழித்து நகரத்துக்கு வெளியே ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குளம் வெட்டினான். மன அமைதி முகாம் என்று பலகை வைத்தான். அலுவலகங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்து, மதியம் சாப்பாடு போட்டு அனுப்புகிற ஏற்பாடு. கற்றுக்கொடுக்க அத்தான் வர வேண்டும் என்றான். செட்டுக்காரர் முடியாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மனைவி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு தடவை போய்ட்டு வாங்க. இந்தத் தடவையாவது அவன் உருப்பட்டான்னா எனக்கு நிம்மதி." அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

போய் இறங்கியதுமே அவருக்கு முகம் சுளித்துவிட்டது. குளம் என்றால் குளமில்லை. குழி தோண்டி நீலப் பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் நிரப்பியிருந்தான். ஓரத்தில் ஒரு மோட்டார் கரகரவென்று காற்றை ஊதிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேலெல்லாம் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு மினுமினுப்பு. மீன் தீவனத்தின் வாடை மூக்கைப் பிடுங்கியது. மரக்கிளையில் ஒலிபெருக்கி கட்டி, பறவைச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருந்தான். உண்மையான பறவை ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வந்தவர்கள் ஒரு போன் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்கிறவர்கள். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு திட்டு வாங்குகிற வேலை. அந்த மாதம் ஒருவர் வேலை நேரத்திலேயே மயங்கி விழுந்திருந்தார். அதற்குக் கம்பெனி கண்டுபிடித்த மருந்து இந்த முகாம். மேலாளரும் கூடவே வந்திருந்தார். மைத்துனன் எல்லோருக்கும் நிறையப் பைகள் வைத்த சட்டை, தொப்பி, இடுப்பில் தொங்கவிட ஒரு கை வலை என்று மாட்டிவிட்டான். சட்டையில் இருந்த பைகளைப் பார்த்தால் ஒருமாதம் காட்டில் தங்கலாம் போலிருந்தது. பைகளுக்குள் ஒன்றும் இல்லை. மேலாளர் அந்தச் சட்டையைப் போட்டதும் முதல் வேலையாகப் படம் எடுத்துக்கொண்டார்.

மைத்துனன் மேஜைமேல் ஏறாத குறையாகப் பேசினான். "நம்ம அத்தானையே எடுத்துக்கங்க. மாத்திரை மாத்திரையா முழுங்கிட்டிருந்த மனுஷன். இன்னிக்குக் குழந்தை மாதிரி தூங்கறார்." எல்லோரும் திரும்பிப் பார்க்க, செட்டுக்காரர் கூனிக் குறுகிப்போனார். தன் படுக்கையறையைச் சந்தையில் திறந்துவைத்த மாதிரி இருந்தது.

இருந்தாலும் வந்த வேலையைச் செய்தார். ஒவ்வொருவராகக் கோலைப் பிடிக்கவைத்து, மணிக்கட்டைத் தன் கையால் அமுக்கிக்கொண்டு, "பின்னால, பொறுங்க, இப்ப முன்னால" என்று சொல்லிக்கொடுத்தார். பெரும்பாலானவர்களுக்குப் பொறுக்க முடியவில்லை. மேலாளர் ஈ ஓட்டுவதுபோல் வீசினார். ஒரு பெண்ணுக்கு மட்டும் வந்தது. முப்பது வயதிருக்கும், கண்ணைச் சுற்றிக் கருவளையம், யாரோடும் பேசவில்லை. அவள் வீச வீச நூல் நேராகப் போய் மெத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கோலைத் தாழ்த்திவிட்டு, "இவ்வளவு நேரமா என் காதுல யாரும் கத்தலீங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கண் நிறைந்திருந்தது. இந்தச் சாக்கடையில்கூட இது வேலை செய்கிறதே என்று செட்டுக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

அப்போதுதான் மேலாளரின் கோல் வளைந்தது. ஒரே ஆரவாரம். மீனை இழுத்து, புல்லில் போட்டு, எடுத்து, ஆளுக்கு ஆள் கைமாற்றிப் படம் எடுத்தார்கள். காய்ந்த கைகள். மீனின் மேலிருந்த வழவழப்பு அவர்கள் விரலோடு உரிந்து வந்தது. கடைசியில் முள்ளைக் கழற்றச் செட்டுக்காரரிடம் நீட்டினார்கள். அவர் மீனின் வாயைத் திறந்து பார்த்தார்.

வாய் பார்ப்பதே தொழிலாக இருந்தவருக்கு ஒரு கணம் தான் எதைப் பார்க்கிறோம் என்று பிடிபடவில்லை. மேலுதடு கந்தலாகக் கிழிந்து, ஒரு பக்கம் தாடை எலும்பு வெளியே தெரிந்தது. பழைய ஓட்டைகள் ஆறாமல், அவற்றைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடித்திருந்தது. புது முள் ஏற இடம் இல்லாமல் நாக்கில் ஏறியிருந்தது. இந்த மீன் இன்றைக்கு முதல் தடவை பிடிபடவில்லை. நேற்றும் பிடிபட்டிருக்கிறது, முந்தாநாளும். தின்ன வேறு ஒன்றும் இல்லாத குழியில், பசிக்கு எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கிறது. அடுத்தது வந்தது, அதுவும் அப்படியே. அதற்கடுத்ததற்குக் கீழ்த்தாடையே ஒரு பக்கம் தொங்கியது.

பின்னறையில் கழுவிய எந்த அச்சும் இந்த அளவுக்கு அவரைக் குமட்டவைத்ததில்லை. எச்சில் நாறும், சீழ் நாறும், ஆனால் அவையெல்லாம் வைத்தியத்துக்கு வந்த வாய்கள். இங்கே ஒருவன் மனசு லேசாக வேண்டும் என்று இன்னொன்றின் வாயைத் தினமும் கிழிக்கிறார்கள். அதைவிட ஒரு நினைப்பு அவரை உலுக்கியது. ஆற்றில் தான் கழற்றிவிட்ட மீன்களின் வாயை அவர் ஒருநாளும் இப்படித் திறந்து பார்த்ததில்லை. முள்ளைக் கழற்றுவார், விடுவார், அது ஓடிவிடும். அது போய் என்ன ஆனது என்று யோசித்ததே கிடையாது.

மைத்துனனை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனார். "மாப்ளே, அந்த மீனோட வாயைப் பார்த்தியா?"

"அதெல்லாம் ஆறிடும் அத்தான்."

"தாடையே இல்லை. எங்கேயிருந்து ஆறும்?"

"திருப்பித் தண்ணியிலதானே விடறோம். கொல்லலையே. ஜனங்களுக்கு அந்தத் திருப்தி முக்கியம்." அதோடு பேச்சு முடிந்தது என்பதுபோல் மைத்துனன் சாப்பாட்டு மணியை அடிக்கப் போய்விட்டான்.

கொட்டகையில் நீள மேஜை போட்டிருந்தார்கள். சோறு, குழம்பு, ஆளுக்கு ஒரு முழு மீன் வறுவல். "மலை ஆத்துலேருந்து காலையிலதான் வந்துச்சு" என்று மைத்துனன் தானே பரிமாறினான். செட்டுக்காரர் வழக்கம்போல யாரையும் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். தட்டில் மசாலா அப்பிய மீன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மேலுதடு இரண்டாகப் பிளந்து, பிளவு கறுப்பாகப் பொரிந்திருந்தது. பக்கத்துத் தட்டைப் பார்த்தார். அந்த மீனுக்குக் கீழ்த்தாடை ஒரு பக்கம் காணோம். எதிர்த் தட்டிலும் ஓட்டைகள். குளத்தில் செத்து மிதந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துப் பொரித்திருக்கிறான்.

மேலாளர் ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். செட்டுக்காரர் அதை நேருக்கு நேராகப் பார்த்தார். எச்சிலும் மசாலாவும் அந்தச் செத்த மீனும் அந்த வாயில் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் எழுந்து நின்றார்.

"சாப்பிடாதீங்க" என்றார். சத்தம் போடவில்லை. "இது ஆத்து மீன் இல்லை. அந்தக் குழியில செத்தது. வாயைப் பாருங்க, முள்ளு கிழிச்ச ஓட்டை தெரியும்."

அந்தக் கருவளையப் பெண்தான் முதலில் தன் தட்டிலிருந்த மீனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பி மடித்து வைத்தாள். அப்புறம் எல்லோரும் துப்பினார்கள். ஒருவர் கொட்டகைக்கு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். மைத்துனன் கையில் கரண்டியோடு பேயறைந்த மாதிரி நின்றான்.

அன்று சாயங்காலமே சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி கதவைத் திறந்தவள் வழிவிடாமல் நின்றாள். "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல? அத்தனை பேர் முன்னாடியா அவன் தலையைக் குனிய வைக்கணும்?"

"தனியாவும் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க? மீன் வாயைப் பத்தியா? உங்களுக்கு மனுஷங்க வாயே ஆகாது. இப்ப மீன் வாயும் ஆகாம போச்சு." அதற்குப்பின் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

செட்டுக்காரர் எதிர்பார்த்தபடி முகாம் மூடப்படவும் இல்லை. அந்த மேலாளரே அடுத்த கூட்டத்தை அனுப்பினார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான், மதியச் சாப்பாட்டில் மீனுக்குப் பதில் கோழி வேண்டும். கற்றுக்கொடுக்க மைத்துனன் வேறு ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். இதைக் கேட்டபோது செட்டுக்காரருக்கு வாய் கசந்தது. எச்சிலைத் துப்பினாலும் போகாத கசப்பு. தானும் ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டார். ஒருநாள் போகப் பார்த்தார். பூச்சிப் பெட்டியைத் திறந்து, இறகுக்கு உள்ளே வளைந்திருந்த முள்ளையும் அதன் நுனியில், மாட்டியதைக் கழலவிடாத குட்டி எதிர்முள்ளையும் பார்த்தார், மூடி வைத்துவிட்டார். தாடை மறுபடியும் இறுகியது. ராத்திரிக் கல் உடைப்பு ஆரம்பமானது.

இப்படியே போயிருக்கும். ஆனால் முகாமில் சமைத்தவர் நின்றுவிட்டார். மைத்துனன் அக்காவிடம் வந்து கையைப் பிசைந்தான். கேன்டீனில் விடுப்புப் போட்டுவிட்டு அவள் போனாள். போகும்போது புருஷனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். நேரே குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிவிட்டு மோந்து பார்த்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள், புளியைத் தேய்த்தாள், மறுபடியும் மோந்து பார்த்தாள். கடைசியில் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது கம்மி" என்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பெட்டி நிறைய வெச்சிருக்கான். செத்ததைத் தூக்கிப் போட மனசு வரலையாம். மீனைத்தான் வேணாம்னுட்டாங்களே, இடிச்சு உருண்டை பிடிச்சுக் கோழியோட கலந்துடலாம்கறான். பெட்டியைத் திறந்தேன். நான் எவ்வளவு கெட்டுப்போனதைப் பார்த்திருக்கேன். இப்படிப் பார்த்ததில்லை. என் கையால குழி தோண்டி அத்தனையும் புதைச்சேன். அவன் பக்கத்துல நின்னு நஷ்டம் நஷ்டம்னு பாடறான். அறைஞ்சிட்டேன். சின்ன வயசுலகூட அவனை அறைஞ்சதில்லை."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறைந்த கையும் அதுதான், நாறிய கையும் அதுதான்.

வெயில் காலம் வந்தது. ஒருநாள் விடியும் வேளையில் மைத்துனனிடமிருந்து போன். ராத்திரி, காற்று ஊதுகிற மோட்டார் நின்றுவிட்டதாம். சொல்லத் தெரியாமல் உளறினான். இருவரும் கிளம்பிப் போனார்கள். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. குளம் வெள்ளையாக இருந்தது. இருந்த மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று ஒட்டி மிதந்தன. வெயில் ஏற ஏற நாற்றம் ஆளைத் தள்ளியது. ஈக்கள் கறுப்புத் துணி விரித்த மாதிரி உட்கார்ந்து எழுந்தன. மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி மட்டும் விடாமல் பறவை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. செட்டுக்காரர் முதல் காரியமாகப் போய் அதன் ஒயரைப் பிடுங்கினார்.

யாரும் வேறு வழி சொல்லவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்களின் இடுப்பில் தொங்கவிட்டிருந்த அந்தக் கை வலைகளாலேயே அள்ளினார்கள். மீன் கையில் கூழாகப் பிதுங்கியது. மைத்துனன் நாலு தடவை அள்ளுவான், ஓரமாகப் போய் ஓங்கரிப்பான், திரும்பி வந்து அள்ளுவான். அவன் போட்டிருந்த பைகள் வைத்த சட்டையெல்லாம் அந்தக் கூழ் வழிந்தது. அக்கா புதைக்கத் தோண்டிய குழியில் சுண்ணாம்பைக் கொட்டினாள். பிற்பகல்வரை இதே வேலை. முடிந்ததும் மைத்துனன் குழி ஓரமாகக் குந்தி, தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். அவன் அழுகிறான் என்று நினைத்துச் செட்டுக்காரர் பக்கத்தில் போனார். என்ன இருந்தாலும் தன் மனைவி வளர்த்த பிள்ளை.

"அத்தான், மீன் சரிப்படாது. உசிரோட வெச்சுக்கறதே பெரிய தலைவலி. குதிரைன்னா நிக்கும். குதிரையைத் தடவிக் கொடுத்தா மனசு லேசாகுதாம். வெளியூர்ல எல்லாம் இப்ப அதுதான்" என்றான்.

செட்டுக்காரர் அவனைப் பார்த்தார். பேசும்போது திறந்து மூடிய அந்த வாயைப் பார்த்தார். நல்ல பல்வரிசை, ஒரு சொத்தை கிடையாது. குழாயடிக்குப் போய்க் கால் கழுவினார். மனைவி அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவ்வளவு நாற்றம். பாதிவழியில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "குதிரையாம்" என்றாள். இருவருக்கும் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு.

அந்த வாரம் அவளாகவே தூண்டில் பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "போய்ட்டு வாங்க. உங்க பல்லுச் சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு."

"முள்ளைப் பார்த்தாலே அந்த வாய்ங்கதான் கண்ணு முன்னாடி வருது."

"நான் சமைக்கறவ. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். திங்கறதுக்குப் பிடிச்சா ஒண்ணு பிடிங்க, அதோட கோலை மடிச்சு வெச்சிடுங்க. திங்காட்டி முள்ளே வேண்டாம். உங்களுக்கு அமைதி குடுக்கறது அந்த வீசறதும் பொறுக்கறதும்தானே? மீனோட வாயில என்ன இருக்கு?"

இது அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று சாயங்காலம் பின்னறையில், பல் தேய்க்கிற சக்கரத்தில் வைத்து ஒவ்வொரு பூச்சியின் முள்ளையும் வளைவோடு அறுத்தார். தீப்பொறி பறந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதன் எதிர்முள்ளைத் தேய்த்து எடுத்தார்.

இப்போதும் அவர் ஆற்றுக்குப் போகிறார். சாப்பிட வேண்டும் என்று தோன்றுகிற நாளில் அந்த ஒற்றை முள்ளைக் கட்டுவார். ஒன்று கிடைத்தால் உடனே தலையில் தட்டிக் கொன்று, இலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். மற்ற நாள்களில் முள் இல்லாத பூச்சிதான். அந்தப் போன் கம்பெனிப் பெண்ணும் சொந்தமாக ஒரு மலிவான கோல் வாங்கிக்கொண்டு சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். வேலையை இன்னும் விடவில்லையாம். ஆற்றில் ஆளுக்கு ஒரு வளைவு, தலையசைப்போடு சரி. மைத்துனனின் குதிரைகளைப் பார்க்கச் செட்டுக்காரர் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த மனைவி அவற்றின் வாயைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்க, கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூட வந்து கரையில் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். செட்டுக்காரர் தொடையளவு தண்ணீரில் நின்று வீசினார். நூல் பின்னால் போய் நீண்டது, பொறுத்தார், முன்னால் விட்டார். முள் இல்லாத பூச்சி சுழலின் ஓரத்தில் போய் உட்கார்ந்து மெல்ல மிதந்து வந்தது. அடியிலிருந்து ஒரு நிழல் எழும்பியது. தண்ணீர் உடைந்தது, நூல் சுருக்கென்று இழுபட்டது, உடனே தளர்ந்தது.

"என்னங்க ஆச்சு?"

"துப்பிடுச்சு."

"பெருசா?"

"நல்ல பெருசு" என்றார். நூலைச் சுருட்டி, நனைந்த இறகை ஊதிக் காயவைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மேலே நடந்தார்.